டேனரித் தண்ணீரும் பாக்டீரியாவும்: தின்பது எது, தின்னாதது எது?



சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் என்று நாம் எந்தப் பிரிவில் படித்தாலும் சரி, டிப்ளமோ முடித்த பிறகு நம்மில் சிலராவது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஏதோ ஒரு ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ போய் நிற்கப் போகிறோம். அங்கே நமக்குக் கீழே கோடிக்கணக்கில் வேலையாட்கள் இருப்பார்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள், லீவு கேட்க மாட்டார்கள். ஆனால் காற்று நின்றால் செத்துப் போவார்கள். அவர்கள்தான் பாக்டீரியாக்கள். அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வேலைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

"பாக்டீரியா எல்லா அழுக்கையும் தின்னுடும்" என்று சிலர் பேசுவதைக் கேட்கலாம். பவுடர் பாக்கெட் விற்க வருகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இது பாதிதான் உண்மை. அந்த இன்னொரு பாதியில்தான் பாலாற்றின் கதையே இருக்கிறது.

அமிர்தியில் நடப்பது என்ன?

அமிர்திக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். மான், மயில் பார்க்க, மழைக்காலமானால் அருவி பார்க்க. ஜவ்வாது மலையடிவாரக் காடு அது. வருடா வருடம் அங்கே எவ்வளவு இலை உதிர்கிறது, எத்தனை பிராணிகள் சாணமிடுகின்றன, எத்தனை பூச்சிகள் செத்து விழுகின்றன! அதெல்லாம் குவிந்து மலையாகிவிடவில்லையே, ஏன்? மண்ணிலும் ஓடைக்கல்லின் வழுவழுப்பிலும் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அவற்றைத் தின்று, கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்புச் சத்துக்களாகவும் பிரித்துப் போட்டுவிடுகின்றன. ஓடையில் விழும் அழுக்கைத் தின்னும்போது அவை தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் செலவழிக்கும். ஓடை பாறையில் மோதி நுரைத்து ஓடும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜன் மறுபடி கரைகிறது. செலவும் வரவும் சரியாக இருக்கும்வரை ஓடை பிழைக்கும். இந்த வரவு செலவுக் கணக்கைத்தான் 1925ல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து சமன்பாடாக எழுதினார்கள்.

ஆக, இயற்கையான பாக்டீரியாவைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்வது என்பது ஏதோ புது மந்திரம் இல்லை. காட்டோடை பல மைல் தூரம் ஓடிச் செய்கிற வேலையை, ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நிறைய பாக்டீரியாவை அடைத்து, மோட்டார் வைத்துக் காற்றடித்துச் செய்கிறோம். அவ்வளவுதான்.

பாலாறு இந்தக் கணக்கில் ஒரு பாவப்பட்ட ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, நம் மாநிலத்துக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிறது என்று புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல்தான், தண்ணீர் மணலுக்கு அடியில்தான். 1912ல் இங்கிலாந்தின் ராயல் கமிஷன் கழிவுநீருக்கு அளவு நிர்ணயித்தபோது, ஆற்றில் விடும் கழிவு எட்டு மடங்கு நல்ல தண்ணீரோடு கலக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நிர்ணயித்தது. நம் ஊரில் எட்டு மடங்குக்கு எங்கே போவது? ஆற்றில் விட்டது அப்படியே மணலுக்குள் இறங்கும். அங்கிருந்து கிணற்றுக்கு வரும்.

தோலில் இருந்து தண்ணீருக்கு என்ன வருகிறது?

பச்சைத் தோல் கெட்டுப் போகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சாதா உப்புப் போட்டு வைக்கிறார்கள். டேனரியில் முதல் வேலை ஊற வைத்தல். உப்பு, ரத்தம், சாணம், மண் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து முடி நீக்குவது. முடி கரைந்து கூழாகி வரும். மொத்த அழுக்கில் பெரும்பங்கு இந்த முதல் இரண்டு மூன்று வேலைகளில்தான் வருகிறது. பிறகு சதை சீவுதல், சுண்ணாம்பை எடுத்தல், அமிலத்தில் ஊற வைக்கும் பிக்கிள், அதன்பின் டிரம்மில் குரோம் பதனிடுதல், சாயம், எண்ணெய்.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் பதனிட்டார்கள். ஆவாரைக்கு ஆங்கிலத்திலேயே தோல் பதனிடுபவரின் செடி என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. பட்டைத் தண்ணீர் இயற்கையானது, ஆகவே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். டேனின் என்ற பொருள் தோலைப் பாக்டீரியா தின்னாமல் காப்பாற்றுவதற்கென்றே இருப்பது. அதே டேனின் சுத்திகரிப்புத் தொட்டிக்கு வந்தால் அங்கேயும் பாக்டீரியாவால் லேசில் தின்ன முடியாது! 1972ல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முடித்த தோலாக அனுப்பச் சொன்ன பிறகு, குரோம் முறை வேகமாகப் பரவியது. ரசாயனங்களும் கூடின.

பி.ஓ.டி. என்பது பாக்டீரியாவின் பசிக்கணக்கு

ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்ஸிஜன் தேவை என்பதே பி.ஓ.டி. இங்கிலாந்தில் 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் சூடு அதிகம் என்பதால் 27 டிகிரியில் 3 நாள். பரீட்சைக்கு இதை மாற்றி எழுதி மார்க்கை விடாதீர்கள். பாக்டீரியாவை நம்பாமல், டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி எல்லாவற்றையும் எரித்துப் பார்ப்பது சி.ஓ.டி. சி.ஓ.டி. அதிகமாகவும் பி.ஓ.டி. குறைவாகவும் இருந்தால் என்ன பொருள்? தண்ணீரில் பொருள் இருக்கிறது, ஆனால் பாக்டீரியாவின் வாய்க்கு அது பிடிக்கவில்லை என்று பொருள்.

டேனரிக் கழிவுநீரை நீர்நிலையில் விட விதித்த அளவு: பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, சல்பைடு 2, மொத்த குரோமியம் 2, கரைந்துள்ள உப்புக்கள் அதாவது டி.டி.எஸ். 2100, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மான்செஸ்டர் தந்த பாடம்

1914 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் ஒரு கட்டுரை படித்தார்கள். ஒரு பாட்டிலில் சாக்கடை நீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினார்கள். முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆயிற்று. பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றிக் காற்றடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளுக்குள்ளேயே வேலை முடிந்தது. அந்தச் சேறு முழுக்கப் பாக்டீரியா. அதற்கு முன்பு எல்லோரும் வேண்டாமென்று கொட்டியது அது! இன்று நாம் படிக்கும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை இதுதான். சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்பு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

புதுத் தொட்டியைத் தொடங்கும்போது பாக்டீரியாவை எங்கிருந்து கொண்டு வருவது? ஏற்கனவே ஓடும் நிலையத்துச் சேறு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் நம் ஊரில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள். கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், அந்த உப்பையும் அந்தச் சூட்டையும் தாங்குகிற இனம் தானே பெருகும், தாங்காதது தானே ஒழியும். பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்றவை டேனரிச் சேற்றில் தாராளமாகக் கிடைக்கின்றன. பாக்கெட் பவுடரில் வருவதும் பெரும்பாலும் இந்த இனங்கள்தான். புதிதாகத் தொடங்கும்போது அல்லது ஏதோ விஷம் வந்து சேறு செத்துப் போனபோது பவுடர் ஒரு கை கொடுக்கலாம். மற்றபடி, தொட்டிக்குக் காற்றும் சத்தும் சரியாகக் கொடுக்காமல் மாதா மாதம் பவுடர் வாங்கிப் போடுவது, அரிசி போடாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுவது போல என்பது என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு டேனரியை எடுத்துக்கொள்வோம். தினம் 5 டன் தோல், கிலோவுக்கு 30 லிட்டர் தண்ணீர். கழிவுநீர் நாளொன்றுக்கு 1,50,000 லிட்டர், அதாவது 150 கன மீட்டர். முதல்நிலைச் சுத்திகரிப்புக்குப் பிறகு பி.ஓ.டி. 1200 என்று வைப்போம்.

தினசரி பி.ஓ.டி. = 150 × 1200 ÷ 1000 = 180 கிலோ.

தொட்டியில் சேற்றின் அளவு லிட்டருக்கு 4000 மில்லிகிராம். இதில் உயிருள்ள பகுதி 60 சதவீதம் என்றால் 2400. (டேனரிச் சேற்றில் சுண்ணாம்பும் உப்பும் கலந்திருப்பதால் வீட்டுச் சாக்கடையைவிட இந்தச் சதவீதம் குறைவாகத்தான் இருக்கும்.) ஒரு கிலோ பாக்டீரியாவுக்கு ஒரு நாளைக்கு 0.15 கிலோ உணவு என்று கொடுத்தால்,

தொட்டியின் கொள்ளளவு = 180 ÷ (0.15 × 2.4) = 500 கன மீட்டர்.

தண்ணீர் தொட்டியில் தங்கும் நேரம் 500 ÷ 150, அதாவது சுமார் 80 மணி நேரம். ஆக்ஸிஜன் ஒரு கிலோ பி.ஓ.டி.க்கு 2 கிலோ என்று வைத்தால் தினம் 360 கிலோ. ஏரேட்டர் ஒரு யூனிட் கரண்டில் 1.2 கிலோ ஆக்ஸிஜன் கரைத்தால் தினம் 300 யூனிட். 24 மணி நேரமும் ஓடுகிற ஏறக்குறைய 17 குதிரைத்திறன் மோட்டார் என்று பொருள். இதுபோக தேவைக்குமேல் வளரும் சேறு தினம் 70 கிலோ அளவுக்கு (உலர்ந்த எடையில்) வெளியே எடுக்கப்பட வேண்டும்.

இந்த 300 யூனிட்தான் விஷயம். பாக்டீரியா இலவசம், காற்று இலவசம், ஆனால் காற்றைத் தண்ணீரில் கரைப்பது இலவசம் இல்லை. இரவில் யாரும் பார்க்காதபோது ஏரேட்டரை நிறுத்தினால் பில் குறையும், காலையில் சேறு கறுத்து நாறும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது ஜெனரேட்டர் வைத்து ஏரேட்டரை ஓட்டாதவர்களின் தொட்டி என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தொட்டியில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும் என்பது பாக்டீரியாவுக்கு நாம் தரும் வாக்குறுதி மாதிரி.

ஆபரேட்டர் பார்க்க வேண்டியது

லேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு லிட்டர் அளவுஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சேறு 400 மில்லி கோட்டில் நின்று, சேற்றின் அளவு லிட்டருக்கு 4 கிராம் என்றால், 400 ÷ 4 = 100. இது நல்ல சேறு. 150க்கு மேலே ஏறினால் சேறு படியாமல் உப்பிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். நூல் நூலாக வளரும் பாக்டீரியா பெருகியிருக்கும். கந்தகத்தை விரும்பும் தியோத்ரிக்ஸ் அதில் ஒன்று. சல்பைடு அதிகம் தப்பி வந்தால் இது வரும். அதனால்தான் சல்பைடு தண்ணீரைத் தனியே பிடித்து, கொஞ்சம் மாங்கனீஸ் சல்பேட் போட்டுக் காற்றடித்து, சல்பைடை முறித்த பிறகே தொட்டிக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் சுவாரஸ்யம். காம்பில் மணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி வோர்டிசெல்லா என்ற ஒரு செல் பிராணி தெரிந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. உப்பு அதிகமான டேனரிச் சேற்றில் இவை குறைவாகவே தென்படும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் நேற்று இருந்தவை இன்று காணாமல் போனால் பயப்படுங்கள்.

சத்து விஷயம் ஒன்று. பாக்டீரியாவுக்கு பி.ஓ.டி. 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். தோல் புரதம் என்பதால் டேனரித் தண்ணீரில் நைட்ரஜன் தேவைக்கு மேலேயே இருக்கும். பாஸ்பரஸ்தான் இருக்காது. ஆகவே யூரியா கொட்டத் தேவையில்லை, பாஸ்பாரிக் அமிலம்தான் சேர்க்க வேண்டும்.

காற்றில்லாத பாக்டீரியாவும், ஒரு விஷவாயுவும்

காற்றே இல்லாமலும் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா உண்டு. சாண எரிவாயுக் கலத்தில் வேலை செய்கிறவை அவைதான். ஒரு கிலோ சி.ஓ.டி.யை மீத்தேனாக மாற்றினால் 0.35 கன மீட்டர் கிடைக்கும். ஏரேட்டர் கரண்டும் மிச்சம். ஹாலந்தில் லெட்டிங்கா 1970களில் உருவாக்கிய மேல்நோக்கிப் பாயும் சேற்றுப் படுகை முறையை இந்தியாவில் கான்பூர் ஜாஜ்மாவில் 1994ல் பெரிய அளவில் செய்தார்கள். நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் டேனரிக் கழிவோடு 270 லட்சம் லிட்டர் நகரச் சாக்கடையைக் கலந்து, மொத்தம் 360 லட்சம் லிட்டர். ஏன் சாக்கடையைக் கலக்க வேண்டும்? டேனரித் தண்ணீர் மட்டும் என்றால் உப்பும் குரோமியமும் சல்பேட்டும் தாங்க முடியாது. கலந்தால் நீர்த்துப் போகும். நீர்த்துப் போகுமே தவிர மறைந்து போகாது என்பதைக் கவனியுங்கள்.

சல்பேட் என்றேன் அல்லவா, சங்கதி அங்கேதான். காற்றில்லாத இடத்தில் சல்பேட் இருந்தால், மீத்தேன் பாக்டீரியாவுக்கு முன்னால் இன்னொரு கூட்டம் பந்தியில் உட்கார்ந்துவிடும். அது சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வாயு. டேனரியில் சேறு தேங்கிய எந்தக் குழியிலும், மூடிய எந்தத் தொட்டியிலும் இந்தப் பாக்டீரியா தானாகவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரோடு பிக்கிள் அமிலத் தண்ணீர் கலந்தால், பாக்டீரியாவே இல்லாமல் ஒரே நொடியில் இதே வாயு கிளம்பும்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த வாயுவின் வாடை 1 பி.பி.எம்.மை எட்டுவதற்கு முன்பே தெரியும். ஆனால் 100 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். "இப்ப நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். 500க்கு மேலே மயக்கம், 1000 அளவில் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகலாம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியில்தான் தங்கும். நம் பகுதி டேனரிகளிலும் மற்ற ஊர்களிலும் குழி சுத்தம் செய்ய இறங்கினவர் விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் விழ, ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் என்று செய்தித்தாளில் வருவதை நாம் படித்திருக்கிறோம். இறந்தவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள். 2013ம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது.

நாளை நாம் சூப்பர்வைசர் ஆனால் "சீக்கிரம் இறங்கு" என்று சொல்லப் போவதும் நாம்தான், "வேண்டாம்" என்று சொல்லக் கூடியதும் நாம்தான். எனவே முறை இது: சேற்றைப் பம்பு வைத்து வெளியிலிருந்தே எடுப்பது. ஆள் இறங்கியே ஆக வேண்டுமென்றால் மூடிகளைத் திறந்து ப்ளோயரால் காற்றை அடிவரை செலுத்துவது, கயிற்றில் கட்டி மீட்டரை இறக்கி அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்திலும் வாயுவையும் ஆக்ஸிஜனையும் அளப்பது, காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி, இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். துணியை மூக்கில் கட்டுவது எதற்கும் உதவாது. ஒருவர் விழுந்துவிட்டால் முகமூடி இல்லாமல் யாரும் பின்னால் இறங்கக் கூடாது, கயிற்றால்தான் இழுக்க வேண்டும். கூடப் பழகினவன் கண்ணெதிரே விழும்போது இறங்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். அதனால்தான் கயிற்றை முதலிலேயே கட்டச் சொல்கிறேன்.

குரோமியம்: தின்பதில்லை, மாற்றுகிறது

டேனரியில் போடும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. ஆறு இணைதிறன் கொண்ட மஞ்சள் நிறக் குரோமியம்தான் கொடிய விஷம், புற்றுநோய் தருவது. 1977ல் சோவியத் விஞ்ஞானிகள் ரொமானென்கோ, கோரென்கோவ் ஆகியோர் ஆறை மூன்றாக மாற்றும் பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு டேனரிக் கழிவிலிருந்தே அத்தகைய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த ஆய்வுகள் நிறைய. நம் பகுதித் தண்ணீரை வைத்தும் செய்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை விட்டுச் சென்றதே, அந்த மாதிரி இடத்துக்கு இந்த ஆராய்ச்சி பொருந்தும்.

ஆனால் ஒன்று. குரோமியம் ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவும் அதை இல்லாமல் செய்ய முடியாது. மூன்றாக மாறி, காரத்தன்மையில் படிந்து, சேற்றுக்குள் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் சுத்தமாயிற்று, சேறு விஷமாயிற்று. அந்தச் சேற்றை எருவாகப் போட முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்பது தண்ணீரோடு முடிந்துவிடுவதில்லை, சேறு எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

குரோம் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் டிரம்மிலிருந்தே தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்ஸைடு போட்டுப் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடியும் டிரம்முக்கே அனுப்பும் முறை இருக்கிறது. இதில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. பாக்டீரியாவைப் பற்றிய கட்டுரையில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் குரோமியத்துக்கு இதுவே நல்ல வழி.

உப்பு

மேலே செய்த கணக்குக்குத் திரும்புவோம். அதே 150 கன மீட்டர் தண்ணீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 12,000 மில்லிகிராம் என்றால், தினம் 1,800 கிலோ கரைந்த உப்பு. பாக்டீரியா 80 மணி நேரம் பாடுபட்டு 180 கிலோ பி.ஓ.டி.யை 4.5 கிலோவாக்கி விடும். உண்மையிலேயே பெரிய சாதனை. உப்பு? ஏறக்குறைய அதே 1,800 கிலோ அப்படியே வெளியே வரும். 2100 என்ற அளவுப்படி 315 கிலோதான் போகலாம். வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும், நாறாது, ஆனால் அதைப் பாய்ச்சினால் தென்னை காயும்.

இங்கேதான் நம் மாவட்டத்துக் கதை வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. "மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்று உலகத்தில் எங்கே சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் "வேலூர் வழக்கு" என்று படிக்கிறார்கள். பெருமையா, சிறுமையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2000களின் பிற்பகுதியில் நம் பகுதிப் பொது நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் கருவிகளும் வந்தன. பாக்டீரியா அழுக்கைத் தின்று முடித்த பிறகு, அந்தத் தண்ணீரைச் சவ்வில் பிழிந்து நல்ல தண்ணீரை டேனரிக்கே திருப்பி அனுப்புவது, மிச்ச உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பாக்குவது. பாக்டீரியா தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் சவ்வு வழுவழுப்புப் பிடித்து அடைத்துக்கொள்ளும். ஆகவே முன்னைவிட இப்போது நம் பாக்டீரியா ஆபரேட்டருக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. ஆனால் இவ்வளவு செய்த பிறகும் கிடைக்கும் உப்பு கலப்பட உப்பு. அது மூட்டை மூட்டையாகக் குவிகிறது, வாங்க ஆளில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டையும், மாசு செய்தவரிடமே அதை வசூலிப்பதையும், கண்காணிக்க ஒரு குழுவையும் சொல்லியிருக்கிறது என்றால், முதல் தீர்ப்பு வந்து ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியும் விஷயம் முடியவில்லை என்றுதானே பொருள்?

உப்பிலேயே வாழும் பாக்டீரியா இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஹாலோமோனாஸ் முதலியவை. செல்லுக்குள் எக்டோயின் போன்ற பொருளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெளியே உள்ள உப்பு தன் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளும். உப்பிட்ட தோலில் சிவப்புத் திட்டு விழுகிறதே, அதுவும் உப்பை விரும்பும் நுண்ணுயிரின் வேலைதான். இந்த இனங்களைக் கொண்டு ஊறல் தண்ணீரின் அழுக்கைத் தின்ன வைக்கலாம். அவை உப்பைத் தாங்கும், அவ்வளவே. உப்பை அவையும் தின்னாது. சாதாரணச் சேறு லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு மேல் தடுமாறும், பழக்கினால் அதைவிடக் கூடவும் தாங்கும். ஆனால் இன்று 8, நாளை 20, மறுநாள் 5 என்று ஆடவிட்டால் எந்தச் சேறும் தாங்காது. ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை எல்லா டேனரியும் ஒன்றாக ஊறல் தண்ணீரைத் திறந்துவிடுவதைச் சமன்தொட்டி வைத்து நிதானப்படுத்துவது இதற்காகத்தான்.

பாக்டீரியாவைக் கடைசித் தொட்டியில் மட்டும் வேலை வாங்காமல் டேனரிக்குள்ளேயே வேலை வாங்குவதும் உண்டு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் தோலை மென்மையாக்க நாய்ச் சாணமும் புறாச் சாணமும் போட்டு ஊற வைத்தார்கள். அதில் வேலை செய்தவை பாக்டீரியாவும் அவற்றின் நொதிகளும். 1908 வாக்கில் ஜெர்மானியர் ஓட்டோ ரோம் அதற்குப் பதிலாகக் கணைய நொதியைக் கொண்டு வந்தார். இன்று பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புரதச் சிதைப்பு நொதியால், சல்பைடைக் குறைத்து, முடியைக் கரைக்காமல் முழுதாகவே உதிர்க்க முடிகிறது. 1948ல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதில் நீண்டகாலமாக வேலை செய்திருக்கிறது. முடி கரையாவிட்டால் பி.ஓ.டி. வெகுவாகக் குறையும், சல்பைடு குறைந்தால் குழியில் அந்த வாயுவும் குறையும்.

உப்புக்கு மட்டும் நொதியும் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது. ஊற வைப்பதற்கு முன்பு தோலைச் சட்டத்தின் மேல் போட்டு உதறி எடுக்கிற உப்பு, தண்ணீருக்கு வராத உப்பு. மேலே சொன்ன டேனரியில் தினம் 100 கிலோ உதறி எடுத்தால், டி.டி.எஸ். 12,000லிருந்து ஏறக்குறைய 11,300க்கு இறங்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.